காலுக்குப் பாதம் எதற்கு?

சாத்தான்குளம் பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் சும்மா நின்றால் போதும், தமிழ் எழுத்தைப் பற்றி ஒரு பாடம் கிடைத்துவிடும். நாசரேத், உடன்குடி, திசையன்விளை, திருச்செந்தூர் என்று நெற்றியில் ஊர்ப் பெயரைச் சுமந்தபடி வண்டிகள் வந்து திரும்புகின்றன. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த பெரியவர்களும் வண்டி வளையும்போதே பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். அவர்கள் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. திசையன்விளையின் நீளமும் நாசரேத்தின் குறுக்கமும் தூரத்திலேயே தெரிந்துவிடுகின்றன. எந்தப் பெயரில் கொம்பு நடுவில் நிற்கிறது, எதில் புள்ளி கடைசியில் வருகிறது என்பது கண்ணுக்குப் பழகிய முகம்போல ஆகிவிட்டது.

இப்படித் தூரத்தில் நின்று தன்னைக் காட்டிக்கொள்ளும் எழுத்துக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு: கொட்டை எழுத்து. 'பேப்பர்ல கொட்டை எழுத்துல போட்டிருக்கான்' என்றால் செய்தி பெரியது, மறைக்க முடியாதது என்று பொருள். அச்சுத் தொழிலில் இல்லாதவர்களும் இந்தச் சொல்லைப் புழங்குகிறார்கள். அளவும் தடிமனும் சேர்ந்த ஒரு குணத்தை ஒரே சொல்லில் பிடித்திருப்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம் உண்டு.

ஆங்கில அச்சுலகில் இந்த வேலையைச் செய்ய ஒரு தனிக் குடும்பமே இருக்கிறது. ரோமன் எழுத்துகளின் கோடுகள் முடியும் இடத்தில் சிறு பாதம்போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் செரிஃப் என்பார்கள். புத்தக எழுத்தில் அது மெல்லிய கீற்று. அந்தப் பாதத்தையே கோட்டுக்குச் சமமான தடிமனில், பலகையை வெட்டி வைத்ததுபோல் சதுரமாக ஆக்கினால் அதுதான் ஸ்லாப் செரிஃப். 1815-ஐ ஒட்டி லண்டனில் வின்சென்ட் ஃபிக்கின்ஸ் வெளியிட்ட மாதிரி நூலில் 'ஆன்டீக்' என்ற பெயரில் இது முதலில் தலைகாட்டியது. அப்போது பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. நெப்போலியன் படையெடுப்புக்குப் பிறகு ஐரோப்பாவைப் பிடித்திருந்த எகிப்து மோகத்தில் இதற்கு 'எகிப்தியன்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. எகிப்துக்கும் இதற்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது.

அது பிறந்த காரணத்தைப் பார்க்க வேண்டும். லாட்டரிச் சீட்டு, நாடகம், குதிரை வண்டி, சர்வரோக நிவாரணி எல்லாவற்றுக்கும் சுவரொட்டி தேவைப்பட்ட காலம் அது. மட்டமான காகிதம், அவசர அச்சு, தெருவில் நடந்துகொண்டே படிக்கும் வாசகர். மெல்லிய கீற்றுள்ள புத்தக எழுத்தைப் பெரிதாக்கி ஒட்டினால் பத்தடி தள்ளிக் கீற்றெல்லாம் மறைந்து கோடுகள் மட்டும் தனித்தனியாக நிற்கும். பாதத்தைத் தடிப்பாக்கியதும் எழுத்து தரையில் ஊன்றி நின்றது. 1827-இல் அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் மரக்கட்டையை எந்திரத்தால் குடைந்து எழுத்துச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். ஈயத்தில் வார்க்க முடியாத அளவுக்குப் பெரிய எழுத்துகள் மலிவாகக் கிடைத்தன. 1845-இல் ராபர்ட் பெஸ்லி பதிவு செய்த 'கிளாரண்டன்' இந்தக் குடும்பத்தைப் புத்தகத்துக்குள்ளும் கொண்டுபோனது. வரிக்கு நடுவே ஒரு சொல்லை மட்டும் தடிப்பாகக் காட்டும் வழக்கம் பரவியதில் அதற்குப் பெரிய பங்குண்டு. பிறகு ஜெர்மனியில் 'மெம்ஃபிஸ்' 1929-இலும், இங்கிலாந்தில் 'ராக்வெல்' 1934-இலும் வந்தன. ஐ.பி.எம். நிறுவனத்தின் சின்னத்தில் இருப்பதும் இந்தக் குடும்பத்து எழுத்துதான்.

இதைத் தமிழில் செய்தால் என்ன என்ற ஆசை வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு வராமல் போகாது. ஆங்கிலப் பெயர்ப் பலகையில் அழகான ஸ்லாப் எழுத்து நிற்கிறது, பக்கத்தில் தமிழ் வெறுங்காலோடு நிற்கிறது, அதற்கும் ஒரு சோடி செருப்பு மாட்டிவிடலாமே என்று தோன்றும். மாட்டிப் பார்த்தவர்களும் உண்டு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஆகாரக் குறியைத் தமிழ் இலக்கணம் கால் என்கிறது. துணைக்கால். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் உருவத்தில் உள்ள வேறுபாடு, ரகரத்தின் அடியில் சாய்வாக இறங்கும் அந்தச் சிறு கீற்று மட்டும்தான். அதாவது ரகரம் என்பது பாதம் வைத்த கால். இப்போது அலங்காரத்துக்காகத் துணைக்காலின் அடியில் ஒரு பலகைப் பாதத்தை வையுங்கள். 'பாதம்' என்று எழுதியது 'பரதம்' ஆகிறது. 'பாவை' கடலாகிப் 'பரவை' என்று நிற்கிறது. எகரத்துக்கும் இதே கதி. எகரத்தின் கடைசிக் கோட்டின் அடியில் ஒரு கீற்று இழுத்தால் ஏகாரம். எல்லாக் கோட்டுக்கும் பாதம் கட்டும் வடிவத்தில் 'எரி' எது, 'ஏரி' எது? தீயணைப்பு நிலையத்துப் பலகையில் இப்படி ஒரு குழப்பம் வந்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

ரோமன் எழுத்தில் பாதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுத்து மாறாது. தமிழில் பாதமே எழுத்து. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இதிலிருந்து கிளைக்கும் கேள்விகள் நிறைய.

ஏகாரத்தின் பாதம் பழையதும் அல்ல. ஓலைச்சுவடிக் காலத்தில் எகரத்தின்மேல் புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில் என்பது விதி. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிடுவார்கள், படிப்பவர் இடம் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். இன்று நாம் எழுதும் வேறுபாட்டைக் கொண்டுவந்தவராக அறியப்படுபவர் வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்து, தமிழகம் வந்த தொடக்க ஆண்டுகளில் கோவில்பட்டி பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றி, 1747-இல் இறந்தவர். அவர் ஏகாரத்துக்கு ஒரு பாதம் கொடுத்தார், ஓகாரத்துக்கு ஒரு சுழி கொடுத்தார். அந்தச் சுழியும் கொட்டை எழுத்தில் ஆபத்தானது. மை கொஞ்சம் அடைத்தால் 'ஓடு' 'ஒடு' ஆகிவிடும்.

சுழிகளைப் பற்றித் தனியாகவே பேசியாக வேண்டும். ரோமன் எழுத்தில் பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு ஒரு வயிறு, மிஞ்சினால் இரண்டு. தமிழில் ணகரத்துக்கு மூன்று சுழி, னகரத்துக்கு இரண்டு. கோட்டைத் தடிக்கத் தடிக்கச் சுழியின் உள்வெளி சுருங்குகிறது. ஓர் அளவுக்கு மேல் போனால் மூன்று சுழியா இரண்டு சுழியா என்பது எண்ணத் தெரியாத கறுப்பு உருண்டையாகிவிடும். 'சாலைப் பணி நடைபெறுகிறது' என்ற பலகையில் அது 'பனி' ஆனாலும் யாரும் ஏமாறப் போவதில்லை. பெயர்களில் அந்தச் சலுகை கிடையாது.

அப்படியென்றால் தமிழில் தடிமனை எங்கே வைப்பது? இதற்கு விடை கண்டவர்கள் எழுத்து வார்ப்பவர்கள் அல்ல, சுவர் எழுதுபவர்கள். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு சிற்றூரிலும் பெயருக்குப் பின்னால் 'ஆர்ட்ஸ்' என்று போட்டுக்கொண்ட ஒருவர் இருப்பார். கடைப் பலகை, பேருந்து நெற்றி, கோவில் கொடை விளம்பரம், தேவாலயத்து அசன விழா அறிவிப்பு, தேர்தல் சுவர் எல்லாம் அவர் கைதான். அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் சுவருக்கு வெள்ளையடிப்பு. காய்ந்ததும் நீலத்தில் நனைத்த நூலை இருமுனையிலும் பிடித்துச் சுண்டி, மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கோடு. பிறகு சாக்பீஸ். சாத்தான்குளம் என்று எழுத வேண்டுமானால் அவர் எண்ணுவது இலக்கண எழுத்தை அல்ல, இடம் பிடிக்கும் உருவத்தை. இலக்கணத்துக்கு ஏழு எழுத்து. சுவருக்கு ஒன்பது உருவம், மூன்று புள்ளி. இரண்டு துணைக்காலும் ஒல்லி, னகரமும் ளகரமும் அகலம். இடமும் காலும் போக நடு எங்கே என்று விரல்சாண் போட்டு ஒரு கோடு கிழிப்பார். கு என்ற எழுத்து கீழ்க்கோட்டைத் தாண்டி இறங்கும். அதற்கு அடியில் இடம் இல்லாவிட்டால் அந்த வளைவை மட்டும் உள்ளே மடக்கிக்கொள்வார்.

தடிமன் வருவது அதற்குப் பிறகு. தட்டைத் தூரிகையின் அகலப் பக்கம் நேர்கோடுகளில் ஓடுகிறது: மகரத்தின் அடிக்கோடு, சகரத்தின் மேல்கோடு, துணைக்காலின் இறக்கம். சுழிக்கு வரும்போது அதே தூரிகையைக் கையில் திருப்பி, விளிம்பால் வளைக்கிறார். கோடு மெலிகிறது, சுழிக்குள் வெள்ளை பிழைக்கிறது. ரகரத்தின் பாதத்தைத் தயங்காமல் நீட்டி, ஆப்புபோல இறக்குகிறார். ர், ரி ஆகிய இரண்டிலும் அதே பாதத்தை விட்டுவிடுகிறார். மேலே புள்ளியோ விசிறியோ இருப்பதால் அங்கே குழப்பம் வராது என்பது அவருக்குத் தெரியும். புள்ளி கடைசியில். சிலர் உருண்டை, சிலர் சாய்சதுரம். ஒருவருடைய சுவரை இன்னொருவர் புள்ளியைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடுவார். எல்லாம் முடிந்தபின் ஒரு பக்கமாக 'ஷேடு' போட்டால் எழுத்து சுவரிலிருந்து எழுந்து நிற்கும். லண்டன் சுவரொட்டியில் பலகைப் பாதம் செய்த வேலையை, அதாவது எழுத்துக்கு நிலத்தில் ஒரு பிடிப்பைக் கொடுப்பதை, இங்கே படுக்கைக்கோடும் நிழலும் செய்கின்றன.

அச்சகம் ஏன் இந்த விடையைக் காணவில்லை என்பதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. தமிழ் அச்சு தொடக்கத்திலேயே வந்து சேர்ந்த கரை எங்கள் பக்கத்துக் கரைதான். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்ட அன்றீக்கு அடிகளார், 1586-இல் தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் 'அடியார் வரலாறு' அச்சிட்டார். முத்துக்குளித்துறைப் பரவர்கள் இந்த முயற்சிக்குப் பணம் கொடுத்தார்கள். அதன்பின் தமிழ் எழுத்து வார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கவலை: எப்படிச் சிறிதாக்குவது? ஜெர்மனியின் ஹாலே நகரில் வெட்டித் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்ட எழுத்துகள் 1713-இல் வந்தபோது, அவை பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கின. உடனே உள்ளூரிலேயே சிறிய எழுத்து வார்க்க முனைந்தார்கள். பின்னாளில் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பி.ஆர்.ஹன்ட் செய்த திருத்தங்களும் படிக்க இதமான சிறிய எழுத்தை நோக்கித்தான். வேதாகமம், அகராதி, பாடநூல் என்று தமிழ் அச்சின் முதல் முந்நூறு ஆண்டும் மடியில் வைத்துப் படிப்பவருக்கானவை. தெருவில் நடப்பவர் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

அவரைக் கணக்கில் சேர்த்தவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். திருச்செந்தூர் அருகே காயாமொழியில் 1905-இல் பிறந்த சி.பா.ஆதித்தனார், லண்டனில் சட்டம் படித்துத் திரும்பி, 1942-இல் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கினார். புதிதாக எழுத்தறிந்தவர், எழுத்துக்கூட்டிப் படிப்பவர், தேநீர்க் கடையில் ஒருவர் படிக்கக் காதால் கேட்பவர் ஆகியோரே அவர் மனத்தில் இருந்த வாசகர்கள். சின்ன வாக்கியம், பேச்சுக்குப் பக்கத்துச் சொல், பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் கொட்டை எழுத்துத் தலைப்பு. இந்த மூன்றையும் தனித்தனியாகப் பேசுகிறோம், ஆனால் மூன்றும் ஒரே முடிவு. எழுத்து பெரிதானால் வரியில் சொல் குறையும். சொல் குறைந்தால் வாக்கியம் சுருங்கியே தீரும். தமிழ் நாளிதழின் நடையை மாற்றியதில் எழுத்தின் தடிமனுக்குப் பங்கு உண்டு என்று நான் துணிந்து சொல்வேன். இலக்கியவாதிகள் இதை ஒப்புக்கொள்வதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு இல்லை. சாய்வெழுத்து நமக்கு இயல்பானதும் அல்ல. ஒரு சொல்லை அழுத்திக் காட்ட ஆங்கில அச்சுக்கு மூன்று வழி இருந்தால் நமக்குத் தடிமன் ஒன்றுதான் வழி. மூன்று பேர் சுமையை ஒருவர் சுமக்கிறார். 2020 ஜூனில் காவல் துறையின் பிடியில் ஒரு தந்தையும் மகனும் உயிரிழந்தபோது, சாத்தான்குளம் என்ற பெயர் நாட்கணக்கில் எல்லாத் தமிழ் நாளிதழ்களிலும் கொட்டை எழுத்தில் நின்றது. தங்கள் ஊர்ப் பெயரை அந்த அளவில், அந்தக் கறுப்பில் பார்த்த மக்களுக்கு அந்தத் தடிமனின் பொருளை விளக்க வேண்டியிருக்கவில்லை.

எழுத்துச் சீர்திருத்தமும் இங்கே வந்து சேர்கிறது. பெரியார் 1935-இல் 'குடி அரசு' இதழில் கையாளத் தொடங்கி, 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கிய மாற்றம் அது. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தலைமேல் அதற்கு முன் யானைத் துதிக்கைபோல ஒரு வளைவு இருந்தது. றா, ணா, னா ஆகியவற்றுக்கும் தனி உருவங்கள். அச்சுக்கோப்பவருக்குக் கேஸில் அறை குறைந்தது என்பதே எல்லோரும் சொல்லும் பலன். கொட்டை எழுத்துக்குக் கிடைத்த பலனை யாரும் சொல்வதில்லை. துதிக்கைக்காக மேலே விட்டுவைத்த இடம் மிச்சமானது. அந்த இடத்தில் எழுத்தையே பெரிதாக்க முடிந்தது. திசையன்விளைப் பலகையில் இன்று நாம் காணும் ளை, அந்த ஆணையின் குழந்தை.

ஈய அச்சுக்கு வெளியே இன்னொரு பாதையும் ஓடிக்கொண்டிருந்தது. கோவில்பட்டியில் ஓவியர் சி.கொண்டையராஜுவும் அவர் மாணவர்களும் வரைந்த நாட்காட்டிப் படங்கள், 1920-களில் தீப்பெட்டித் தொழில் கால்கொண்ட சிவகாசியின் லேபிள்கள். கல்லச்சிலும் ஆஃப்செட்டிலும் எழுத்தை வார்க்க வேண்டாம், வரைந்தால் போதும். அதனால் தீப்பெட்டிச் சீட்டிலும் பட்டாசுப் பெட்டியிலும் சுவர் எழுத்தின் மரபே சுருங்கிக் குடியேறியது. இந்தக் கைவேலையின் வரலாற்றை யாராவது முழுதாக எழுத வேண்டும்.

கணினி வந்தபோது இந்தத் தொடர்ச்சி அறுந்தது. பாமினி, வானவில், இளங்கோ, ஸ்ரீலிபி என்று ஒவ்வொரு கடைக்கும் ஓர் எழுத்துரு. அவற்றில் பலவற்றுக்குத் தனியாக வரைந்த தடித்த வடிவம் இல்லை. மென்பொருளில் 'பி' பொத்தானை அழுத்தினால் அது கோட்டின் எல்லாப் பக்கத்தையும் ஒரே அளவில் உப்ப வைக்கும். ஃப்ளெக்ஸ் கடைகளில் இன்னும் ஒரு படி மேலே போய், எழுத்தைச் சுற்றி அதே நிறத்தில் ஒரு கரை, அதற்கு வெளியே வெள்ளைக் கரை, அதற்கும் வெளியே சிவப்பு. தூரிகைக்காரர் சுழிக்குள் காப்பாற்றிய வெள்ளையை இந்தக் கரைகள் தின்றுவிடுகின்றன. வீட்டு விசேஷம் ஒன்றுக்கு நான் அடிக்கக் கொடுத்த பலகையில் 'அண்ணன்' என்ற சொல்லுக்குள் எத்தனை சுழி என்று என் தம்பி மகன் எண்ணிப் பார்த்துத் தோற்றான். கடைக்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. இரவு பத்து மணிக்குக் கொடுத்து விடிவதற்குள் கேட்டவன் நான்.

சுவர்களும் குறைந்தன. பொது இடங்களை விகாரப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1959 முதலே இருக்கிறது. தேர்தல் ஆணையத்தின் கெடுபிடி கூடியபின்தான் அது சுவரில் உறைத்தது. ஃப்ளெக்ஸுக்கு அடி விழ ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் சரிந்து, வண்டியில் போன இளம்பெண் ஒருவர் லாரியில் சிக்கி இறந்தார். கொட்டை எழுத்தின் இன்னொரு முகம் அது.

கடந்த பத்தாண்டில் நிலைமை தேறியிருக்கிறது. பிரியா ரவிச்சந்திரன் உருவாக்கிய 'கட்டமரான்' எழுத்துருவில் மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது படிகள் உண்டு. ஏக் டைப் குழுவின் 'பாலூ தம்பி' முழுக்க முழுக்கப் பலகைக்கென்றே வந்த குண்டு எழுத்து. அதே குழுவின் 'அனேக் தமிழ்' எழுத்துருவில் தடிமனையும் அகலத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். நீளமான ஊர்ப் பெயர்களுக்கு இது பெரிய வரம். மூன்றும் இலவசமாகவே கிடைக்கின்றன. 'நோட்டோ செரிஃப் தமிழ்' என்ற எழுத்துருவின் பெயரில் செரிஃப் இருந்தாலும், தமிழ் எழுத்துக்கு அவர்கள் பாதம் கட்டவில்லை. கோட்டில் தடிப்பு மெலிவைக் காட்டுவதோடு நின்றுகொண்டார்கள். தெரிந்து செய்த அடக்கம் அது.

எனவே ஆங்கில ஸ்லாப் எழுத்துக்குப் பக்கத்தில் நிற்கத் தமிழ் எழுத்தொன்று வரைய விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாதத்தைப் பிரதியெடுக்க வேண்டாம். படுக்கைக்கோட்டின் கனத்தையும், முனைகளைச் சதுரமாக வெட்டும் முறையையும் மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டும் ஒரே குடும்பமாகத் தெரியும். வெளியிடும் முன் எரி, ஏரி, பாதம், பரதம், பணி, பனி, ஓடு, அண்ணன், சாத்தான்குளம் ஆகிய சொற்களை ஒரு தாளில் அச்சடித்துத் தெருவின் எதிர்ப்பக்கச் சுவரில் ஒட்டுங்கள். கண்ணாடி போடாத ஒருவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் எழுத்தை மறுபடி வரையுங்கள்.